எச் பன்னிரண்டு

ஜமீலா, கதை கேட்காதே.
ஒருத்தி தம்பி சட்டைக்குப்
பொத்தான் தைக்கிறாள், அவ்வளவுதான்.
ஊசியில் நூல் கோக்கவே நாலு நிமிடம்.

யீஷூனில் இன்னும் இரண்டு நாள்தான் ஓடும்.
கைப்பேசியில் வரட்டும் என்று இருந்துவிடாதே,
அந்த நாலு நிமிடத்தை
விரலால் தள்ளிவிடுவாய்.
உன்னை எனக்குத் தெரியும்.

நேற்று அரங்கில் ஏழு பேர்.
ஓர் இருக்கை தள்ளி ஒரு சீனர்,
வேலைச் சீருடையோடு.
திரையின் அடியில் ஓடிய எழுத்து
குரலைவிட அரை நொடி முந்தியது;
எனக்கு முன்னால் அவர் அழுதுவிட்டார்.

பிறகு இருட்டில்
ஒரு டிஷ்யூ பாக்கெட் நீண்டது,
உணவங்காடியில் இடம் பிடிக்க
மேசைமேல் போடுவோமே, அதே.
ஒன்று எடுத்துக்கொண்டேன்.
மிச்சத்தை எங்கள் நடுவிலிருந்த
காலி இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்சிக்கு இருபத்திரண்டு வெள்ளி.
குளிரும், சால்வை எடுத்துப் போ.