எட்டாவது கட்டம்

குடும்பப் பெயர். கட்டாயம் நிரப்புக.
எனக்கே இல்லாத ஒன்றை
பதினெட்டு வருஷமாக
அடுத்தவர்களிடம் கேட்டு வாங்குகிறேன்.
சம்பளம் அதற்குத்தான்.

கருப்பூர் வெயிலில் வியர்த்து வந்து நின்றவன்
மூன்று பெயர் சொன்னான்.
ஹப்தாமு, நான்.
தெசம்மா, அப்பா.
கெபெதெ, அப்பாவுடைய அப்பா.
இதில் குடும்பம் எது என்றேன்.
எல்லாமே என்றான்.
கணினி ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் பக்கம் பெயர் ஒரே இடத்தில் நிற்காதாம்.
நாளைக்கு இவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால்
அதன் முதுகில் ஹப்தாமு ஏறுவான்,
தெசம்மா ஒரு படி இறங்குவார்,
கெபெதெ மண்ணுக்குள் போய்விடுவார்.
எங்கள் இனிஷியல் மாதிரி, என்றேன் பெருமையாக.
"நீங்கள் அப்பாவை ஒற்றை எழுத்தாக்கி
புள்ளி வேறு வைத்துவிடுகிறீர்கள்" என்றான்.

மா. புள்ளி.
மாக்னசைட் சுரங்கத்து வெள்ளைத் தூசியோடு
வீடு வந்த மாரப்பன்.
கல்யாணத்துக்குப் பிறகு
அந்த ஓரெழுத்தையும் அழித்து
சி. ஆனேன்.
அங்கே பெண்கள் யாரைக் கட்டினாலும்
அப்பா பெயரை விடுவதில்லையாம்.
அவன் அதைச் சொன்னபோது
நான் ஸ்டேப்ளர் பின் தேடிக்கொண்டிருந்தேன்.

கட்டத்தில் தெசம்மா என்று தட்டினேன்.
சாயங்காலத்துக்குள்
நூலக அட்டை, மெஸ் டோக்கன், விடுதிக் கதவு
எல்லாம் தெசம்மா.
வார்டன் "மிஸ்டர் தெசம்மா" என்று கூப்பிட்டால்
முதல் மாதம் முழுக்கத் திரும்பிப் பார்த்தான்,
அப்பா எப்படி வந்தார் என்று.
மெஸ் பொன்னுரங்கத்துக்குக் காதில் விழுந்தது வேறு.
"தேசம்மாவா? எந்த ஊர் அம்மன் தம்பி?"
அம்மனுக்கென்று தினமும்
ரெண்டு பூரி கூடுதல்.

வந்த மூன்றாம் வாரமே
ஏற்காட்டுக்கு இழுத்துப் போனார்கள்.
காபிச் செடி உங்க ஊர்ச் சரக்கு, பார், பார்.
அவன் டீ குடிக்கிறவன்.
பதிமூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தான்.
அந்தச் செடி மலையேறிய நாளில்
யாரும் அதனிடம் படிவம் நீட்டவில்லை போல.

ஒருநாள், வீணான விண்ணப்பம் ஒன்றின் முதுகில்
கணக்கு எழுதிக் காட்டினான்.
மினியாபொலிஸ் ஆஸ்பத்திரியில்
அக்காவின் சட்டையில் குத்தியிருக்கிறது.
டொராண்டோவில் ஒரு தபால் பெட்டி மேல்.
ஸ்டாக்ஹோமில், பள்ளி வருகைப் பதிவேட்டில்:
அண்ணன் மகளுக்குப் பின்னால் அண்ணன் பெயர் வரவேண்டும் முறைப்படி,
வந்திருப்பது தாத்தா.
இனி அங்கே பிறக்கிறதெல்லாம் தெசம்மாதான்.
இறங்கவேண்டிய மனுஷன்
படியிலேயே நின்றுவிட்டார்.
சேலத்தில் அறை எண் பதினான்கு.
ஆள் எங்கே என்றேன்.
ஜிம்மாவில். பாஸ்போர்ட் கிடையாது.
பஸ் ஏறினாலே தலைசுற்றும் அவருக்கு.

அர்த்தம் கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.
மூன்று பிள்ளை தங்காமல் போய்
நான்காவதாக நின்றவராம்.
தெசம்மா: கேட்கப்பட்டது.
யார் கேட்டது, கடவுளா என்றால்
அதெல்லாம் பெயரில் இல்லை என்றான்.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
கேட்டாச்சு.
காதால் கேட்டதா வாயால் கேட்டதா
பிரித்துச் சொல்லாத மொழி எனது.
பதினெட்டு வருஷமாக நானும்
கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்,
ஒரு வகையில் மட்டும்.

ஆய்வேடு கொடுத்து முடித்த ராத்திரி
மெஸ்ஸில் ஸ்பீக்கர் போட்டு அப்பாவைக் கூப்பிட்டான்.
தன் பெயரை அந்த ஊரில்
எப்படித்தான் சொல்கிறார்கள் என்று
அவருக்குக் கேட்கவேண்டுமாம்.
பொன்னுரங்கம் கரண்டியை வைத்துவிட்டு
இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு
கோயில் வாசலில் நிற்கிறவர் மாதிரி
கூப்பிட்டார்:
தேசம்மா!

கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது.
பிறகு அந்தப் பக்கம்
தழுதழுத்த ஒரு கிழக்குரல்:
"அபெத்."
பெயர் சொல்லி அழைத்தால்
இதோ என்று சொல்கிற சொல்லாம் அவர்களுக்கு.

பொன்னுரங்கம் போனை
என் கையில் திணித்தார், மிரண்டுபோய்.
"அம்மா,
அம்மன் பேசுதுங்க."