படிவத்தில் ஒன்பதாவது கேள்வி

"கர்ப்ப காலத்தில் தாய்க்கு மன அழுத்தம் இருந்ததா?"
பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம். இல்லை.
ஒரு கட்டத்துக்குள் ஓர் உளுந்து வைக்கலாம்,
அவ்வளவுதான் இடம்.

திருவாரூர் மெடிக்கல் காலேஜ், அறை எண் பதினான்கு.
நிதர்சன் மேசைக்கடியில் இருக்கிறான்.
வெளியே யாரோ பைக்கை நிறுத்தினார்கள், அதற்கு.

ஆறு வயது. இடிக்குப் பயமில்லை, இருட்டுக்கும் இல்லை.
வாய்க்காலில் சாரை போனால்
பின்னாலேயே ஓடுவான்.
வாசலில் வண்டி நின்று
ஸ்டாண்ட் போடும் அந்தச் சத்தம் மட்டும்.

அந்த வருஷம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை.
குறுவை கருகியது. குழுக்கடன் கருகவில்லை.
செவ்வாய்தோறும் பதினோரு மணிக்கு
வசூல் தம்பி வந்து ஸ்டாண்ட் போடுவான்.
கெட்டவன் இல்லை, மீசை முளைக்காத பையன்.
"நீங்க கட்டலேன்னா என் சம்பளத்துல பிடிப்பாங்கக்கா" என்று
வாசற்படியில் உட்கார்ந்துவிடுவான்,
குடிக்கத் தண்ணீர் கேட்கவும் கூச்சப்பட்டு.

எனக்கு ஏழு முடிந்து எட்டு.
அடுக்களைக் கதவுக்குப் பின்னால்
மூச்சை அடக்கி நிற்பேன்.
பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று
கை நிறையப் போட்டுவிட்ட வளையல்கள்
காட்டிக்கொடுத்துவிடும் என்று
முழங்கைக்கு ஏற்றி, பழைய துண்டால் சுற்றிக் கட்டியிருப்பேன்.
அதுவரை உதைத்துக்கொண்டிருந்தவன்
உள்ளே அப்படியே நின்றுவிடுவான்.
சமர்த்து என்று நினைத்தேன்.

மேட்டூரில் திறந்தது
கடைமடைக்கு வந்து சேர நாளாகும்.
இதற்கு ஆறு வருஷம்.

"உங்க தப்புன்னு எழுதிக்கச் சொல்லலை" என்கிறார் டாக்டர்.
"எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகுறதும் இல்லை.
இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது.
தெரிஞ்சா பிடிச்சு நடக்க ஒரு நூல், அவ்வளவுதான்."
நல்ல பெண். அவருக்கும் ஆறு மாதம் இருக்கும்,
காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்.
உட்காருங்கள் என்று சொல்ல யாருமில்லை. நான் சொன்னேன்.

தாய்க்கு, தாய்க்கு என்றே கேட்கிறது படிவம்.
வட்டி எவ்வளவு என்று ஒரு கட்டம் இல்லை.
ஆம் என்பதில் குறி போட்டேன்.
மை கட்டத்தைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் அவன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்.
பிள்ளையே ஸ்டாண்ட் போடட்டும் என்று எழுதித் தந்திருக்கிறார்.
அவன் காலுக்கு அது இறங்கவில்லை,
என் காலை மேலே வைத்தேன்.
காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு,
"இப்ப" என்றான்.

டக்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு காதை மட்டும் திறந்தான்.
"நாமதானே போட்டோம்?"
ஆமாம்.
"இன்னொரு தடவை வேண்டாம்."
சரி.