இலக்கை முடித்தவர்களுக்கு

ஆயிரத்து இருநூறு டன் தள்ளினால் ஒரு தீவு
என்று கம்பெனி சொன்னது.
மார்ச் முடியப் பதினோரு நாள் இருக்கையில்
தள்ளிவிட்டேன்.
கடைசி நாற்பது டன்
மானூர்ப் பக்கம் பாதியில் நிற்கும் ஒரு கல்யாண மண்டபத்தில்
இன்னும் கடனாகவே இருக்கிறது.

தாழையூத்தில் சிமெண்டு கடை வைத்தவனுக்குத்
தூசி புதிதில்லை.
எங்கள் வேப்பமரத்துக்குப் பச்சை
மழைக்கு மறுநாள் மட்டும்.
கொடியில் காய்ந்த சேலையை
ரெண்டு உதறு உதறித்தான் மடிப்பாள் சங்கரவடிவு.
அவளுக்குத்தான் தீவு ஆசை:
நீலத் தண்ணீர், வெள்ளை மணல்,
தூசி இல்லாத நாலு நாள்.

ரெண்டாம் நாள் காலையில்
கடலுக்கு அந்தப்புறம் இருந்த மலை வெடித்தது.
முதலில் ஜன்னல் கண்ணாடிக்குத் தெரிந்தது,
பிறகுதான் காதுக்கு.
எங்கள் குவாரியில் வெடி பகல் பன்னிரண்டுக்கு.
பழக்கதோஷத்தில் மணி பார்த்தேன்.
ஏழு இருபது.

மத்தியானத்துக்குள்
நீச்சல் குளம், வாழையிலை, தட்டில் வைத்த ரொட்டி,
மேனேஜரின் புருவம்,
எல்லாம் தாழையூத்து.
"இதுக்கா வே ரெண்டு பிளேன் மாறி வந்தோம்?"
என்றார் நாசரேத் டீலர் ஞானதிரவியம்.
எல்லோரும் சிரித்தோம்.
சிரித்த பல்லில் நறநறத்தது.

விமானம் கிடையாது என்றார்கள்.
எப்போது என்று சொல்லவில்லை.

சங்கரவடிவுக்குச் சும்மா இருக்க வராது.
அறை துடைக்க வந்த பெண்ணிடம்
விளக்குமாறைக் கேட்டு வாங்கினாள்.
அதே தென்னை ஈர்க்கு, அதே கட்டு,
பிடிக்கு மட்டும் நீல நைலான் கயிறு.
வாளித் தண்ணீரைக் கையில் அள்ளினாள்,
வாசல் தெளித்துப் பழகிய கை.
அந்தப் பெண் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.
பொதுவாக ஒரு வார்த்தை இல்லை இருவருக்கும்.
கூரையைக் காட்டினாள்.
ரெண்டு உள்ளங்கையையும் தன் தலைமேல் வைத்து
மெல்ல மெல்ல
முழங்கால் மடங்கிக் காட்டினாள்.

எனக்கு அது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.
பத்தொன்பது வருஷம்
நனைந்த மூட்டை தூக்குகிறவர்களின்
கழுத்து நரம்பைப் பார்த்தவன் நான்.

அன்றிரவு மழை.
எதிர்ச்சாரியில் ஒரு தகரக் கூரை
பெரிதாகச் சத்தம் போடாமல்
களைத்தவர் உட்காருவது மாதிரி உட்கார்ந்தது.
அந்த வீட்டு ஆறு பேரும் வெளியேதான் நின்றார்கள்,
ஒருத்தர் கக்கத்தில் சேவலோடு.
டார்ச் வெளிச்சம் சுவரில் விழுந்ததும்
பதினாறுக்குப் பதினெட்டு,
தளம் போட முப்பது மூட்டை
என்றது என் வாய்.
"என்ன முனங்குதீய?" என்றாள் சங்கரவடிவு.
"ஒண்ணுமில்ல."

ஊர் வந்து ஒன்பது நாள்.
குறுக்குத்துறையில் ரெண்டு தரம் முங்கியும்
காதுக்குள் கரகரப்பு போகவில்லை.
கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
"தீவு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"
"நம்ம ஊரு மாதிரிதான்."
தற்பெருமை இல்லாத ஆள் என்று
எனக்கு இப்போது ஒரு பெயர்.

அடுத்த வருஷத்துக் காகிதம் வந்திருக்கிறது.
ஆயிரத்து ஐந்நூறு டன், வேறொரு தீவு.
ஆணி எடை போடும் தராசுக்கு அடியில்
மடித்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கையில்
சங்கரவடிவு மேற்கே பார்க்கிறாள்.
பொதிகைக்கு மேலே வெள்ளையாய் ஒன்று
எழும்பி நிற்கிறது.
"அது மேகந்தான?"
"மேகந்தான்."
"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பார்க்கிறேன்.
பிறகு கீழே இறங்கி
குடோன் கூரைக்கு ஆள் ஏற்றுகிறேன்.
காய்ஞ்சபடியே கூட்டித் தள்ளும் வே,
தண்ணி படுறதுக்கு முன்ன.