பன்னிரண்டு டெசிபெல்

மனாமாவில் ஆகஸ்ட்.
வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி குருடாகிற மாதம்.
ரொமெல் அந்த மைக்கைத்
துவாலையில் சுற்றி எடுத்துவந்தான்.
"பேசுது. ஆனா பக்கத்து ரூமிலிருந்து."

என்னைவிட இரண்டு வயது மூத்தது.
சாம்பல் பூச்சு, வலைத்தலையில் ஒரு நசுங்கல்.
முதலில் கேபிளை மாற்றினேன்.
பிறகு வால்வை;
முதலாளி பூட்டிவைத்திருந்த ஜெர்மன் வால்வு,
இரண்டு நாள் கெஞ்சி வாங்கியது.
அதே பன்னிரண்டு டெசிபெல் குறைவு.

காப்ஸ்யூல் முனையில் மீட்டர் வைத்தேன்:
அறுபது வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அரை.
பிடித்துவிட்டேன் என்று டீக்குப் போனேன்.
பாதிக் கோப்பையில் உறைத்தது.
நடுவில் நிற்பது ஒரு ஜிகா ஓம் தடை.
அதைத் தாண்டிவருவது மின்சாரம்கூட இல்லை,
மின்சாரத்தைப் பற்றிய வதந்தி.
காணாமல்போன ஐம்பத்தொன்பதரையை
அளக்கவந்த என் மீட்டரே குடித்திருக்கிறது.

சரி, கண்ணால் பார்ப்போம்.
லென்ஸை இடுக்கி, விளக்கைச் சாய்த்தால்
வெள்ளை இன்சுலேட்டர்மேல் ஒரு கைரேகை.
முழுசாக. நடுவில் சுழி.
எவனோ கையுறை போடாமல் திறந்திருக்கிறான், கழுதை.
வருஷா வருஷம் தூசி சேர்த்து
இந்தப் புழுக்கத்தில் ஈரம் குடித்து
வரி வரியாய், வளைவு வளைவாய்
வோல்ட்டை எர்த்துக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் அடையாள அட்டை அலுவலகத்தில்
கண்ணாடிமேல் கட்டைவிரல் வைத்தேன்.
மறுபடி, என்றாள் அந்தப் பெண்.
மறுபடி.
ஸோல்டரும் ஸ்பிரிட்டும் மழித்துவிட்ட விரல்.
ஈரக் காகிதம் தந்து
வேறு விரல் இருக்கிறதா என்று கேட்டாள்.

மூடியின் உள்பக்கம் பென்சிலில் ஒரு தேதி:
17.2.07
ஏழுக்குக் குறுக்கே கோடு.
இந்தக் கடையில் அப்படிக் கோடு போடுகிறவன்
நான் ஒருத்தன்தான்.

பஞ்சுக் குச்சியை நனைத்துவிட்டு
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
அது காய்ந்துபோனது.
இன்னொன்றை நனைத்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி பிஸ்கட் டின்னுக்குள்,
ஷூ பெட்டிகளிலிருந்து சேர்த்த சிலிக்கா பைகளோடு.

காலையில் ரொமெல் தொண்டையைச் செருமினான்.
முள் துள்ளிச் சிவப்பில் இடித்தது.
ஹெட்போனில் ஏசி, நாற்காலி,
அவன் சட்டைப் பொத்தான் மேசையில் உரசுவது.
கெய்னைக் குறைடா, என்று கத்தினேன்.
இத்தனை மாதம்
ஏற்றிவைத்தது அப்படியே இருந்தது.