எந்த வெள்ளைக்காரன்

லூனாஸ் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால்
ரொட்டிக்கு முன்பே வந்துவிடுவான் வெள்ளைக்காரன்.
"அவன் இருந்திருந்தா ரோட்டுல இப்படிக் குழி விழுமா?"
என்பார் லோரி அமிர்தலிங்கம்.
"நம்மளப் பிரிச்சு வெச்சான்,
அவன் மட்டும் ஒத்துமையா இருந்தான்"
என்பது அடுத்த மேசை.
லிவர்பூல் சட்டைப் பையனும்
மான்செஸ்டர் சட்டைப் பையனும்
மூன்று வாரமாய் முகம் பார்ப்பதில்லை.
இருவரும் அண்ணன் தம்பி.
என் கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்கும்.

செம்பனை ஆலையில் நிறுவைக் கிராணி நான்.
லோரி ஏறும், முள் ஆடி நிற்கும், எழுதுவேன்.
பழுத்தது. காய். அழுகல்.
மூன்று பத்திக்குள் ஒரு தோட்டமே அடங்கிவிடும்.

கோகிலவாணி, சின்னம்மா மகள்,
ஹல் நகரத்து ஆஸ்பத்திரியில் தாதி.
ஐரோப்பாவோடு இருப்பதா வெளியேறுவதா என்று
அவர்கள் ஓட்டுப் போட்ட வாரம் கூப்பிட்டாள்.
"வெள்ளைக்காரன் என்ன சொல்றான்?" என்றேன்.
"எந்த வெள்ளைக்காரன்?" என்றாள்.

ஒன்பதாம் கட்டில் கிழவருக்கு
மீன்பிடித் துறை துருப்பிடித்த கோபம். வெளியேறச் சொன்னார்.
மகன் இருக்கச் சொன்னவன்.
திராட்சை கொண்டுவந்து வைக்கிறான்,
கழுவுகிறான், போய்விடுகிறான். பேச்சில்லை.
ஸ்காட்லாந்து டாக்டரை இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால்
அன்று முழுக்க அவரிடம் கையெழுத்து வாங்க முடியாது.
பஸ் ஓட்டும் சீக்கியர் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டாராம்,
காரணமும் சொன்னாராம், அவளுக்குப் பாதி புரிந்ததாம்.
மின்தூக்கியில் "ஊருக்குப் போ" என்றான் ஒருவன்.
அவன் மனைவி போன குளிருக்கு
இவளுக்குக் கையுறை பின்னிக் கொடுத்தவள்.
"லண்டன் எங்களுக்கு
உங்க கோலாலம்பூர் மாதிரிண்ணே.
வரி போகும். ரயில் வராது."

"நம்மளப் பத்தி என்ன கேக்குறாங்க?"
"மலேசியாவான்னு கேட்டுட்டு,
மரத்துலயா வீடுன்னு ஒருத்தி கேட்டா.
இல்ல, லயத்துலன்னேன்.
அது என்ன மரம்னு கேட்டா."

ஆபீஸ் அலமாரியில் துரை காலத்துப் பேரேடு ஒன்று,
கரையான் விட்டுவைத்தது.
தலைக்கணக்கில் எங்களுக்கு ஒரே பத்தி: தமிழர், 412.
தெலுங்கில் அழுதவர்களும் அதற்குள்,
மலையாளத்தில் கடன் வாங்கியவர்களும் அதற்குள்,
ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க
ஒருவரை ஒருவர் விடாத எங்கள் ஆட்களும் அதற்குள்.
துரைக்கு நாங்கள் ஒற்றுமையாய்த் தெரிந்திருப்போம்.

சிரித்துக்கொண்டே மூடிவிட்டு
என் பதிவேட்டை எடுத்தேன்.
பங்ளா, 63.
போன மாதம் சன்னலுக்கு வெளியே ஒருவன் குனிந்து,
"கிராணி, நான் நேப்பாளம்" என்றான்.
"சரி சரி" என்றேன்.
பின்னால் நான்கு லோரி நின்றது.

இன்று அமிர்தலிங்கம் ஆரம்பித்தார்.
"எந்த வெள்ளைக்காரன்?" என்று கேட்டுவிட்டேன்.
கடை ஒரு நொடி அமைதியானது.
"எல்லாம் ஒண்ணுதானேப்பா" என்றவர்
கோயில் கணக்குக்குத் தாவினார்.
ஒரே அம்மனுக்கு இந்த வருடமும் இரண்டு தலைவர்,
இரண்டு ரசீதுப் புத்தகம்,
தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்பதற்கு
போலீஸ் பெர்மிட்.

இரவு கோகிலவாணி கூப்பிட்டாள்.
ஒன்பதாம் கட்டில் காலி.
விடியற்காலை மகன் வந்து நின்று
அப்பா கடைசியா என்ன சொன்னார் என்று கேட்டானாம்.
கிழவர் ஒன்றும் சொல்லவில்லை,
தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை.
"கடலைப் பத்தி ஏதோ சொன்னார்னு சொல்லிட்டேண்ணே.
தப்பா?"

எனக்கு என்ன தெரியும்.
திராட்சை இருந்ததா என்று கேட்டேன்.
இருந்ததாம். கழுவினபடியே.