மூங்கில் ஒன்று

முள்ளோடையில் எனக்கு வேலை
ஒரு மூங்கிலைத் தூக்குவது, இறக்குவது.
நுனியில் கயிறு, அடியில் கருங்கல்.
நாற்பத்தாறில் சேர்ந்தேன்,
மாதம் பதினெட்டு ரூபாய்.

இருபது அடி தள்ளி இன்னொரு மூங்கில்.
அதன் கயிற்றில் சவரிநாதன்.
அவன் குல்லா சிவப்பு, என்னுடையது காக்கி.
அவனிடம் தீப்பெட்டி, என்னிடம் பீடி.
நடுவில் கிடந்த இருபது அடி யாருடையதென்று
இருவருக்கும் தெரியாது.
அங்கே நின்றுதான் புகைப்போம்.

நாற்பத்தேழு ஆகஸ்டில்
சாவடிக் கம்பத்தில் கொடி மாறியது.
மிட்டாய் கொடுத்தார்கள்.
சவரிநாதனுக்கு இரண்டு எடுத்துப்போனேன்.
"சுங்கம் கட்டிட்டியா இதுக்கு?" என்றான்.
மூங்கில் அதேதான்.

அஞ்சலாட்சியின் கருவாட்டுக்கூடையில்
தினம் துணியை விலக்கிப் பார்ப்பேன்.
பிள்ளைத்தாச்சிகளின் வயிற்றைச் சந்தேகித்திருக்கிறேன்,
இரண்டு முறை சரியாக,
ஒரு முறை தப்பாக.
அந்த ஒரு முறையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஐம்பத்துநாலில் கெடுபிடி.
பர்மிட் இல்லாமல் ஈ போகக்கூடாது.
சித்திரையில் ஒரு காலை
பெண் அந்தப் பக்கம், கிருமாம்பாக்கம்;
மாப்பிள்ளை இந்தப் பக்கம், ரெட்டிச்சாவடி.
தாம்பாளத்தில் மஞ்சள் கயிறு,
அதில் அரைச் சவரன் பொட்டு.
தங்கத்துக்கு பர்மிட் வேண்டும்.
தாலி தங்கத்தில் சேர்த்தியா என்று
ரூல் புத்தகத்தைப் புரட்டினேன்.
எழுதியவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.
முகூர்த்தம் ஏழரைக்குள்.
இன்ஸ்பெக்டர் கொல்லைக்குப் போயிருந்தார்.
கயிற்றை விட்டேன்.
கல் தன் வேலையைச் செய்தது.
அந்தப் பக்கமும் ஒரு மூங்கில் எழுகிற சத்தம்.
விடுதலைப் போரில் என் பங்கு அவ்வளவுதான்.
தியாகி பென்ஷனுக்கு
எழுதிப்போடவில்லை.

நவம்பர் முதல் தேதி
கொடி கட்டிய லாரி நிற்காமல் போயிற்று.
அதன் பின்னால் ஒரு நாய்.
அப்புறம் கூடையோடு அஞ்சலாட்சி வந்து
வழக்கமான இடத்தில் நின்றாள்.
"போ" என்றேன்.
துணியைத் தானே விலக்கிக் காட்டிவிட்டுத்தான்
போனாள்.

சாவடியைப் பிரித்தபோது
மூங்கிலை வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.
மறுவருஷம் ஆடிட்டில் எழுதினார்கள்:
'மூங்கில் ஒன்று, இருப்பில் இல்லை.'
சம்பளத்தில் ஒரு ரூபாய் நாலணா பிடித்தம்.
ரசீது இருக்கிறது, பார்க்கலாம்.
ஒரு எல்லைக்கோட்டை
விலை கொடுத்து வாங்கியவன் நான்.
அதில் என் மனைவி முப்பது வருஷம்
துணி காயப்போட்டாள்.

சவரிநாதன் அறுபத்திரண்டில் கையெழுத்துப் போட்டுப்
பிரெஞ்சுக்காரனானான்.
துலோனிலிருந்து ஒரு கடிதம்:
"இங்கே குளிர். பீடி கிடைக்காது."
பதில் எழுத ஏர்மெயில் தாள் வாங்கினேன்.
அதில் இப்போது
பால் கணக்கு இருக்கிறது.

அவள் போன அன்று
பாடைக்கு ஆகுமா என்று
அந்த மூங்கிலைத் தட்டிப் பார்த்தார்கள்.
உளுத்து, மாவாகக் கொட்டியது.
புதிதாக இரண்டு வாங்கிவந்தார்கள்.

நேற்று ஜிப்மரிலிருந்து திரும்பும்போது
முள்ளோடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
பாட்டில் தேடுகிறார்களாம்.
மீசை சரியாக முளைக்காத ஒரு போலீஸ்காரன்
சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவன்
என்னைத் தாண்டிப் போய்விட்டான்.
தொண்ணூற்றொரு வயதுக்காரனிடம்
என்ன இருக்கப்போகிறது?
"தம்பி" என்றேன்.
பையின் வாயை விரித்து
வெளிச்சம் விழுகிற பக்கம் சாய்த்துக் காட்டினேன்:
பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு,
ஒரு சீப்பு வாழைப்பழம்.
குனிந்து பார்த்தான், முழுசாக.
"சரி, மூடுங்க" என்றான்.