காதில் பஞ்சு

நான்கடி தோண்டியதும் தண்ணீர் வந்துவிட்டது.
கடலூர் பழைய டவுனில் எங்கே தோண்டினாலும் அப்படித்தான்,
உப்பனாறு நமக்கு அடியிலும் ஓடுகிறது.
ஓவர்சீயர் குனிந்து பார்த்துப் போதும் என்றார்.
சவுக்குக் கட்டையைச் சுவராக நட்டு,
மேலே கீற்றும் கீற்றின் மேல் மணலும் போட்டு,
‘பதுங்கு குழி, ஐம்பது நபர்’ என்று
பலகை எழுதி வைத்தார்கள்.

முதலில் நண்டுகள் குடியேறின.

கப்பல் நின்று நான்கு மாதம்.
மல்லாட்டை மூட்டை கிடங்கிலேயே புழுத்தது.
படகுக்காரர்களுக்குப் பகலெல்லாம் தூக்கம்,
என் வீட்டுக்காரருக்கும்.
மாசியில் ஏழுகல் கம்மலைக் கழற்றி
அமிர்தலிங்கம் பிள்ளை கடையில் வைத்தேன்.
ஒரு கல் முன்பே விழுந்திருந்தது.
ஆறு கல்லுக்குத்தான் பணம் என்றார்.
ரூபாய்க்கு அரையணா வட்டி.
அன்றிலிருந்து துளை தூர்ந்துவிடாமல்
காதில் விளக்குமாற்றுக் குச்சி.

ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து,
ஒரே மட்டமாக ஊதினால் வீட்டுக்குப் போகலாம்.
சித்திரையில் ஒரு ராத்திரி சங்கு
ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.
தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஓடினேன்.
பழைய சோற்றுப் பானையை மூடாமல் வந்தது
வழியெல்லாம் உறுத்தியது,
குண்டு ஞாபகமே இல்லை.

வார்டன் வேதநாயகம் குழிவாயில் நின்று
ஆளுக்கொரு துண்டு பஞ்சு கொடுத்தார்.
“சத்தத்தில் செவி கிழியும், வைத்துக்கொள்.”
என் காதைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார்,
டார்ச்சு விளக்கை அவசரமாக
அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளே முழங்கால் வரை தண்ணீர்.
யார் மூச்சு யார் கழுத்தில் என்று தெரியாத இருட்டு.
அல்லாவும் மாதாவும் பாடலீசுவரரும்
ஒரே முணுமுணுப்பில் கலந்து வந்தார்கள்.
எனக்குப் பக்கத்தில் பன்னீர்ப் புகையிலை வாசனை,
மடியில் ஓர் இரும்புப் பெட்டி.
எல்லோரும் பிள்ளையைத் தூக்கி வந்திருந்தோம்,
பிள்ளை பெட்டியைத் தூக்கி வந்திருந்தார்.

அவர் நடுங்கும்போதெல்லாம் அதற்குள்
சின்னச் சின்னதாக ஏதோ உருண்டது.
நான் பஞ்சை எடுத்துவிட்டேன்.
குஞ்சரத்தின் மூக்குத்தி,
மரைக்காயர் வீட்டுக் கொலுசு,
நாகசுரக்காரர் அடகு வைத்த சீவாளிச் சங்கிலி,
எங்கேயோ அடியில்
என் ஆறு கல்லும் ஒரு பள்ளமும்.

மேலே ஓர் இரைச்சல் கடந்து போனது.
லாரி என்று மறுநாள் சொன்னார்கள்.
அப்போது யாருக்குத் தெரியும்?
பெரியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
“அம்மா, யாராயிருந்தாலும் சரி,
இதைக் கொஞ்சம் பிடி.”

ஒரு தொடையில் பிள்ளை, ஒரு தொடையில் பெட்டி.
பெட்டிதான் கனத்தது.
குழிவாய் இரண்டு ஆள் தூரம்.
அதற்கப்புறம் இருட்டு, ஆறு,
துறையில் சும்மா கட்டிக் கிடக்கும் எங்கள் படகு.
நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
பிள்ளை தூக்கத்தில் பெட்டி மேல்
கையைப் போட்டுக்கொண்டான்,
நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

சங்கு மட்டமாக ஊதிற்று.
வெளிச்சம் வந்ததும் அவர் முதலில்
பூட்டைத் தடவினார்.
அப்புறம்தான் என் முகம்.
“நீயா, அஞ்சலாட்சி?”
“நான்தான்” என்றேன்.
வேட்டி நனைந்து ஒட்டியிருந்தது அவருக்கு,
நடந்து போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வைகாசி வட்டி கட்டப் போனபோது கேட்டேன்:
“அன்றைக்கு ஒரு மணி நேரம்
என் கம்மல் என் மடியில்தானே இருந்தது,
அதற்கும் வட்டியா?”

அவர் சிரிக்கவில்லை.
நோட்டை நகர்த்தி, விரல் மடக்கி,
மாதத்தை நாளாக்கி, நாளை மணியாக்கி,
ஒரு தம்பிடிகூடத் தேறாத கணக்கில்
ஒரு தம்பிடியைத் தள்ளி வைத்தார்.

எடுத்துக்கொண்டேன்.
வரும் வழியில் வெல்லம் வாங்கினேன்,
விரல்நுனி அளவு.
பிள்ளை அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு
சாயங்காலம் வரைக்கும்
யாரோடும் பேசவில்லை.